இடது கார்னர்

எங்கள் லீக்கில் ஆறு பெண்கள் கபடி அணிகள். கோப்பை மட்டும் ஐந்து வருடமாக ஒரே ஊருக்குத்தான் போனது, அடி அண்ணாமலை என்கிற ஊருக்கு. அந்த அணியின் இடது கார்னர் நான், கஸ்தூரி. யார் ஜெயிப்பார்கள் என்று முதல் நாளே தெரிந்துவிடுவதால் ஜனங்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். போன வருட ஃபைனலில் கைதட்டியதே எங்கள் வீட்டு ஆட்கள்தான். அதனால் இந்த வருடம் புது விதி போட்டார்கள். சாம்பியன் அணி இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் சீட்டுக் குலுக்கலில் பிரிந்து போகவேண்டும்.

நியாயமான விதிதான். எனக்குத்தான் அது இடியாக வந்தது.

என் இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து எட்டு மாதம் ஆகிறது. அது தெரிந்த ஒரே ஆள் சினேகா. ஆட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவள். எதிரணி ரைடர் என் பக்கம் வந்தால் நான் அசைவதற்குள் அவள் பாய்ந்து மறித்துவிடுவாள். விஷயம் வெளியே தெரிந்தால் என்னை உட்காரவைத்துவிடுவார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு இந்த சீசனை முழுசாக ஆடிய சான்றிதழ் வேண்டும், அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும். அதனால் முட்டியில் பட்டையைச் சுற்றிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

குலுக்கலில் நான் வேங்கிக்கால் அணிக்குப் போனேன். வருடா வருடம் கடைசி இடம் அவர்களுக்குத்தான். சினேகாவை அடி அண்ணாமலை விடவில்லை. முதல் ஆட்டமே எங்கள் இரண்டு அணிக்கும்.

சினேகா ரைடும் போவாள். எங்கே அடித்தால் நான் விழுவேன் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? நல்லவள்தான். ஆனால் ஜெயிப்பதில் அவளுக்கு இருக்கிற வெறியும் எனக்குத் தெரியும். மூன்று நாளாக அவள் போனை எடுக்கவில்லை. மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று மாலை மைதானத்தில் நிற்க இடமில்லை. சினேகா கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தாள். அவள் எங்கள் வலது பக்கம் போனாள், ஒரு ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். அடுத்த ரைடும் வலது பக்கம். அதற்கடுத்ததும் அப்படியே. மூச்சு வந்தது எனக்கு. மகராசி, நன்றாக இருக்கட்டும் என்று மனசுக்குள் வாழ்த்தினேன்.

ஆறாவது ரைடில் மைக்காரர் ஆரம்பித்தார். “இன்னாங்க இது, சினேகா லெஃப்ட் பக்கமே போகமாட்டேங்கறாங்க! கஸ்தூரின்னா அவ்ளோ பயமா?”

கூட்டம் சிரித்தது. எங்கள் கோச் ராஜேந்திரன் சார் சிரிக்கவில்லை. சினேகாவைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். நான் அந்தக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அடுத்த முறை அவள் கபடி பாடி வந்தபோது, என் பக்கம் வந்து தொலையேன்டி என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. வலது பக்கம் போய், பிடிபட்டு, வெளியே போனாள்.

இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு. வேங்கிக்கால் இவ்வளவு தூரம் வந்ததே கிடையாது, கூட்டம் எழுந்து நின்று கத்தியது. ஒரு நிமிடம்தான் பாக்கி. சார் டைம்-அவுட் கேட்டார். நேராக என்னிடம் வந்தார்.

“அந்தப் பொண்ணுக்கு உன்னப் பத்தி இன்னாம்மா தெரியும்?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“அஞ்சு வருஷம் கூட ஆடினவ. உன்கிட்ட மட்டும் வரமாட்டேங்கறா.”

“தெரியல சார்.”

“சரி. ஒரு வாட்டி உட்கார்ந்து எழுந்திரு.”

சுற்றி நின்ற ஆறு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் முட்டியை மடக்கினேன். பாதிக்குமேல் போக முடியவில்லை. எதிர்ப்பக்கம் வெளியே உட்கார்ந்திருந்த சினேகா எழுந்து நின்று, தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.