வளையத்துக்கு மேலே நின்ற பந்துகள்

அன்று மைதானத்தில் இருந்தவர்கள் இவர்கள்: ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா ஞானசுந்தரம், அவருடைய மகனும் ஷ்வேப்யிதா சோப்புக் கம்பெனி கூடைப்பந்து அணியின் தலைவனுமான கிறிஸ்டோபர், கிறிஸ்டோபரின் மனைவி ஷீபா, அணி மேலாளர் ஊ ஹ்லா தின், எதிரணித் தலைவன் காஜா மைதீன், விசில் ஊதிய கோ டின் மவுங், புள்ளிப் பலகையில் சாக்குக்கட்டியோடு நின்ற மீரா முகைதீன். இரண்டு அணி ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். தூறல் விழுந்ததால் வேறு யாரும் வரவில்லை. நானும் இருந்தேன் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டவர்கள் எல்லாம் வீட்டில் இருந்தவர்கள். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் கிறிஸ்டோபர் எறிந்த பந்து வளையத்துக்கு ஒரு முழம் மேலே போய் நின்றது. அது கீழே விழவில்லை. கோ டின் மவுங் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார். மேலே இருக்கும் பந்து கூடையில் விழுந்ததாகுமா, வெளியே போனதாகுமா என்று விதிகளில் இல்லை. கடைசியில் வேறு பந்து கொண்டுவரச் சொன்னார். அணியின் மற்றவர்கள் எறிந்த பந்துகளும் அப்படியே போய் முதல் பந்தின் பக்கத்தில் நின்றன. காஜா மைதீனின் ஆட்கள் எறிந்தவை வழக்கம்போல் விழுந்தன. கம்பெனி அணி ஒரு புள்ளியும் எடுக்காமல் தோற்றது. இது 1996ஆம் ஆண்டு, தடின்ஜுட் விளக்குத் திருவிழா முடிந்த வாரம்.

ஞானசுந்தரத்தின் வீட்டார் நாங்கள்; எங்கள் குடும்பத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று தலைமுறையாக மிஷன் பள்ளியில் படித்து, கியாக்டடா வட்டாரத்து அலுவலகங்களில் பேனா பிடித்த குடும்பம் இது. ஆண்கள் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டு வெளியே போனதில்லை. ஞானசுந்தரம் தமக்கு வேலை போட்டுக் கொடுத்த அதே வங்கியில் மகனையும் சேர்த்துவிட்டிருந்தார். அந்த வருடம் சோப்புக் கம்பெனி சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களைச் சேர்த்தபோது கிறிஸ்டோபர் வங்கியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். பிறகுதான் அப்பாவிடம் சொன்னான். தடின்ஜுட் அன்று, பருவம் தொடங்குமுன், அணி முழுவதும் எங்கள் வீட்டுக்கு வந்தது. நாங்கள் ஞாயிறு ஆராதனை தவறாதவர்கள். ஆனாலும் இந்தப் பௌத்த ஊரில் பிறந்தவர்கள். தடின்ஜுட் வந்தால் பெரியவர்கள் முன் மண்டியிட்டுக் கடோ செய்வதை நாங்களும் விட்டதில்லை. சிறியவர்கள் கும்பிட்டுத் துண்டோ பழமோ கொடுப்பார்கள். பெரியவர் வாங்கிக்கொண்டு தலையில் கைவைத்து வாழ்த்துவார். வாழ்த்தோடுதான் கடோ முடியும். கிறிஸ்டோபர் அணியின் சார்பாகப் புதுப் பந்து ஒன்றைக் கொடுத்தான். ஞானசுந்தரம் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வாய் திறக்கவில்லை. பெரியவர் நெகிழ்ந்து போயிருக்கிறார் என்று நினைத்து எல்லோரும் எழுந்து தேநீர் குடிக்கப் போனார்கள். தவறு அங்கேதான் நடந்தது. கிறிஸ்டோபர் மட்டும் கொஞ்ச நேரம் மண்டியிட்டபடியே இருந்தான்.

அந்தப் பருவத்தின் எல்லா ஆட்டங்களும் சூலே புத்தர் கோயிலுக்குப் பக்கத்து மைதானத்தில்தான் நடந்தன. கம்பெனி அணி எல்லாவற்றிலும் தோற்றது. வாரத்துக்கு வாரம் வளையத்துக்கு மேலே பந்துகள் கூடிக்கொண்டே போயின. மழைக்குப் பின் வெயில் வந்தால் அவற்றிலிருந்து ஆவி எழும். மின்சாரம் போன மாலைகளில் தெரு முழுவதும் இருண்டிருக்க, அவை மட்டும் மங்கலாகச் சிவந்து தெரியும். சிட்டுக்குருவிகள் அவற்றின்மேல் உட்காரப் பழகிக்கொண்டன. பேருந்துகள் அந்த இடத்தில் சற்று மெதுவாகப் போயின. அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூசுவதை இந்த ஊரில் அனாடே என்பார்கள். எதிரணிகளுக்கு அந்த அனாடே வந்துவிட்டது. ஒரு புள்ளியும் எடுக்க முடியாதவர்கள்மேல் கூடை கூடையாகப் போட அவர்களுக்கு மனம் வரவில்லை. இரண்டொன்று போட்டுவிட்டு மீதி நேரம் பந்தைத் தங்களுக்குள்ளேயே மெல்ல மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்ப்பது தூக்கத்தில் நடப்பவர்களைப் பார்ப்பது போல இருந்தது. ஞானசுந்தரம் ஓர் ஆட்டத்துக்கும் வராமல் இருக்கவில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், முதல் வரிசை நாற்காலியில், முதுகு சாயாமல் உட்கார்ந்திருப்பார். கடோவில் கிடைத்த பந்து அவர் மடியில் இருக்கும். மகன் தோற்கிறான் என்று தகப்பன் ஒளிந்துகொண்டான் என்ற பேச்சு வரக்கூடாது என்பது அவர் எண்ணம்.

ஷீபா வாயை அடக்கத் தெரியாத பெண். சாப்பாட்டு மேசையில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"மாமா, அன்னிக்குக் கடோவுல நீங்க வாழ்த்தவே இல்லையே?"

"சாப்பாட்டு நேரத்துல என்ன பேச்சு இது?"

"பந்து கீழ வராம நிக்குது மாமா. வாயத் தொறந்து நாலு வார்த்தை சொன்னா இறங்கிடும். எனக்கே புரியுது, உங்களுக்குப் புரியாதா?"

"பேங்கு உத்தியோகத்த விட்டுட்டுப் பந்து எறியப் போனவனுக்கு என்னன்னு வாழ்த்துறது? நல்லா எறின்னா?"

"ஆமா, அதச் சொன்னாக்கூடப் போதும்."

"இப்பப் போயி சொன்னா, அன்னிக்குச் சொல்லலன்னு ஊருக்கே தெரியும். பெத்த புள்ளைய வாழ்த்தாம அனுப்பினவன்னு பேரு வரும். இந்தக் குடும்பத்துக்கு அது வேண்டாம்மா. குழம்புல உப்புக் கம்மி."

"உப்பு சரியாத்தான் இருக்கு," என்றாள் ஷீபா.

கிறிஸ்டோபர் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன் நடந்த கடைசி ஆட்டம் மீண்டும் காஜா மைதீன் அணியோடு. அவர்கள் தொடக்கத்தில் ஒரே ஒரு கூடை போட்டுவிட்டு, பிறகு வளையத்தின் பக்கமே போகவில்லை. கிறிஸ்டோபர் எறிந்துகொண்டே இருந்தான். மேலே இடமில்லாமல் பந்துகள் ஒன்றையொன்று தள்ளி நகர்ந்து இடம் கொடுத்தன. இரண்டுக்குச் சுழியம் என்று ஆட்டம் முடிந்தது. மறுவாரம் கம்பெனி அணியைக் கலைத்தது. ஊ ஹ்லா தின் ஒவ்வொரு ஆட்டக்காரனிடமும் தனித்தனியாக வருத்தம் சொன்னார், நல்ல மனிதர். அதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. கிறிஸ்டோபர் எதிரணி முதலாளியிடம் பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே கூடையில் விழாமல் எறிந்தான் என்றார்கள். பந்துகள் கண்ணெதிரே அந்தரத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் அப்படிச் சொன்னார்கள். அதை எப்படிச் செய்தான் என்று யாரும் கேட்கவில்லை. கிறிஸ்டோபரும் மறுக்கவில்லை. மறுத்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் அப்பாவின் பெயர் கெடும். வங்கி அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. கை சுத்தமில்லாதவன் என்ற பேச்சு அங்கேயும் போயிருந்தது. அவன் ஷீபாவை அழைத்துக்கொண்டு கியாக்தானுக்குப் போய், படகுத்துறைப் பக்கம் சின்னக் கடை வைத்தான். திருட்டுப் பணத்தில் வைத்த கடை என்று அதையும் சொன்னார்கள்.

வருடங்கள் போயின. மைதானத்தில் ஆட்டங்கள் நின்றன. இருந்தும் ஞானசுந்தரம் தினமும் மாலையில் மடியில் பந்தோடு போய் உட்கார்ந்து வந்தார். அவருக்கு முடி கொட்டியது, காது மந்தமானது. முதுகு மட்டும் வளையவில்லை. தலைநகரை வடக்கே கொண்டுபோனார்கள், அலுவலகங்கள் காலியாயின. 2008 மே மாதத்துப் புயலில் மைதானத்துத் தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது, தகரக் கூரைகள் தெருத்தெருவாகப் பறந்தன. பந்துகள் அசையவில்லை. மறுநாள் காலையில் மரமில்லாத குருவிகள் எல்லாம் அவற்றின்மேல் வந்து உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு தடின்ஜுட்டுக்கும் கிறிஸ்டோபர் கியாக்தானிலிருந்து பேருந்தில் வந்து அப்பாவின் முன் மண்டியிட்டான். ஒவ்வொரு முறையும் அவர் பழத்தை வாங்கிக்கொண்டு, ஷீபா சௌக்கியமா என்று மட்டும் கேட்டார்.

2009 தடின்ஜுட் அன்று மைதானத்தைக் கார் நிறுத்துமிடம் ஆக்குவதற்காக வளையக் கம்பத்தைப் பிடுங்க ஆட்கள் வந்தார்கள். மேலே நிற்கும் பந்துகள் யாருடையவை என்று தெரியாமல் கம்பத்தைத் தொட அவர்களுக்குத் தயக்கம். கூட்டம் கூடியது. வழக்கம்போல் மடியில் பந்தோடு உட்கார்ந்திருந்த ஞானசுந்தரத்தின் பக்கத்தில், ஊருக்கு வந்திருந்த கிறிஸ்டோபரும் ஷீபாவும் இருந்தார்கள். இப்போது லாரி வைத்திருக்கும் காஜா மைதீன், தொப்பையைத் தடவிக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"கிறிஸ்டோபரு, வயசாயிடுச்சு, இப்பவாச்சும் சொல்லுப்பா. எங்க முதலாளி உனக்கு என்னதான் குடுத்தாரு? எங்களுக்கு ஒரு பிரியாணிகூட வாங்கித் தரல அந்த மனுசன்!"

கூட்டம் சிரித்தது. கிறிஸ்டோபரும் சிரிப்பது போல் தரையைப் பார்த்தான். ஷீபாவின் கண் நிறைந்துவிட்டது. ஞானசுந்தரத்துக்குக் காது மந்தம்தான். ஆனாலும் இது கேட்டது. நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"மாமா, உக்காருங்க."

"உக்காந்தது போதும்மா." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "காஜா, என் மகன் விலைக்குப் போவல. அவன் கடோ பண்ணான், நான் வாழ்த்தல. பந்த மட்டும் வாங்கி மடியில வச்சிக்கிட்டு வாய மூடிக்கிட்டேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். அவனுக்கும் தெரியும். எனக்காகத்தான் இத்தன வருசம் பேசாம இருந்தான்."

காஜா மைதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

கிறிஸ்டோபர் முழங்கால் வலியோடு சிமெண்டுத் தரையில் மண்டியிட்டான். ஞானசுந்தரம் பந்தை இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையை நரைத்த அந்தத் தலையில் வைத்தார். "உன் கை எடுத்த காரியத்தக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக," என்றார். பிறகு, "நல்லா எறிஞ்சடா," என்றார்.

குருவிகள் எழுந்து பறந்தன. முதல் பந்து வளையத்துக்குள் இறங்கியது. அதன் பின்னால் அடுத்தது, அதன் பின்னால் அடுத்தது. வலை எப்போதோ மக்கிப் போயிருந்தது. இருந்தும் ஒவ்வொரு பந்தும் புது வலையை உரசும் சத்தத்தோடுதான் விழுந்தது. ஒன்றும் வளையத்தில் முட்டவில்லை. எல்லாம் விழுந்து முடிய வெகுநேரம் ஆனது. கம்பம் பிடுங்க வந்தவர்கள் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி பார்த்தார்கள். பிறகு எழுந்து கம்பத்தைப் பிடுங்கினார்கள். காஜா மைதீன் லாரியை வரவழைத்து, பந்துகளைக் கியாக்தானுக்கு ஏற்றி அனுப்பினார். கிறிஸ்டோபர் அவற்றைக் கடையில் தொங்கவிட்டு விற்றான். காற்றுக் குறையாத நல்ல பந்துகள். அப்பாவின் மடியில் இருந்த பந்து மட்டும் வீட்டில் இருக்கிறது. கடோவில் வாங்கியதைத் திருப்பித் தருவது வழக்கமில்லை.

அன்று மீரா முகைதீன் பழைய புள்ளிப் பலகையை எடுத்து வந்து, விழுந்த பந்துகளுக்கெல்லாம் புள்ளி போட்டார் என்றும், அந்தக் கணக்கில் கம்பெனி அணி அந்தப் பருவத்தை ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டது என்றும் ஊரில் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. மீரா முகைதீன் சட்டைப்பையில் சாக்குக்கட்டி இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. பந்துகள் விழுந்தது ஆட்ட நேரம் முடிந்த பிறகு. கம்பெனி அணி எல்லா ஆட்டங்களிலும் தோற்றது.