ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு

விடியுமுன்பே எங்களுக்குக் கை மரத்துவிடும். தகர அச்சைத் தண்ணீரில் முக்கிக் கவிழ்த்தால் இடுப்புயர ஐஸ் கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கொக்கி மாட்டி இழுத்து லாரியில் ஏற்ற வேண்டும். ஊரே போர்வைக்குள் சுருண்டிருக்கும் நேரத்தில் நாங்கள் ஐஸோடு மல்லுக்கட்டுவோம். காலில் ரப்பர் செருப்புதான். முதலாளி தருவதாகச் சொன்ன பூட்ஸ் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

அக்கா எங்களோடு ஐஸ் உடைப்பவள். எல்லோருக்கும் அக்கா, முதலாளிக்கு மட்டும் "ஏய்". சர்க்கரை வியாதிக்காரி, தினமும் இன்சுலின் போட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்துபோகிற மாதங்களில் வெளியே வாங்கியே பாதிக் கூலி கரைந்துவிடும். மருந்தைக் குளிர்ச்சியாக வைக்கச் சொல்லியிருந்தாள் நர்ஸ். அக்காவின் வீடோ தகரக் கூரை. பகலில் மனுஷனே வெந்துபோவான். கம்பெனி ஆபீஸ் ஃப்ரிட்ஜில் முதலாளியின் சோடா பாட்டில்கள் சுகமாகக் குளிர்ந்துகொண்டிருந்தன. ஓரமாக வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு, "இது என்ன மருந்துக் கடையா?" என்று விரட்டிவிட்டார்.

"குளிருக்கு நாம எங்கக்கா போகணும்? ஊருக்கே குளிர் விக்கிறவங்க நாம" என்றார் கொக்கிக்காரர். எங்களில் பலசாலி அவர்தான். மருந்துப் புட்டிகளைத் துணியில் சுற்றி ஐஸ் அடுக்குகளுக்கு நடுவே சொருகி வைத்தார். எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை.

மருந்து உறைந்துபோனது. உருக வைத்து அக்கா ஊசி போட்டுக்கொண்டாள். சில நாளில் வாந்தியெடுத்து, மூச்சிரைத்து, ஐஸ் உடைக்கிற இடத்திலேயே சரிந்தாள். "உறைஞ்ச மருந்து செத்த மருந்து. யாருமே சொல்லலையா?" என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். யார் சொன்னார்கள்? அந்த மருந்து கைக்கு வருவதற்கே நாய் படாத பாடு. எப்படியோ அக்கா பிழைத்துக்கொண்டாள்.

இன்று காலை வேலைக்குத் திரும்பியவளை முதலாளி வாசலிலேயே மறித்தார்.

"நோயாளிக்கெல்லாம் இங்க வேலை இல்ல. கிளம்பு."

கொக்கிக்காரர் கொக்கியைக் கீழே போட்டார். நாங்களும் போட்டோம்.

"அக்காவுக்கு வேலை வேணும். ஃப்ரிட்ஜுல ஒரு தட்டு வேணும். நேரத்துக்குச் சாப்பிட விடணும்" என்றேன்.

"ஐஸ் கம்பெனியில ஃப்ரிட்ஜ் கேக்குறீங்களே, வெக்கமா இல்ல?"

"இத்தன ஐஸ் செஞ்சும் ஒரு ஊசி மருந்தக் காப்பாத்த முடியலையே, அதுக்குத்தான் வெக்கமா இருக்கு" என்றாள் அக்கா.

வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன. முதலாளியின் குரல் சட்டென்று குழைந்தது. "சரிம்மா. உனக்கு மட்டும் எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல எடம் தர்றேன், வேலைக்கும் வா. ஒரு ஆளுக்காக இத்தன பேரு நிக்கணுமா? இவங்கள வேலையப் பாக்கச் சொல்லு."

அக்கா எங்களைப் பார்த்தாள். அவள் ஒப்புக்கொண்டாலும் குறை சொல்ல எனக்கு வாய் வராது; உயிர் அவளுடையது.

கொக்கிக்காரர் முன்னே வந்து செருப்பை உதறிப் பாதத்தைக் காட்டினார். கட்டைவிரலில் ஆறாத புண். "ஒரு ஆளு இல்ல முதலாளி. எனக்கும் சர்க்கரைதான்."

வேலை போய்விடும் என்று எங்களிடம்கூட மறைத்திருக்கிறார் மனுஷன். "எனக்கும்" என்றாள் ஐஸ் தொட்டிக்கு உப்பு அள்ளிக் கொட்டுகிறவள். பின்னாலிருந்து இன்னொரு குரல், "எனக்கும்தான்."

அக்கா முதலாளி பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டு ஃப்ரிட்ஜு பத்தாதுங்க" என்று சொல்லிவிட்டு, வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். முதலாளி போலீசுக்குப் போன் போட உள்ளே போனார்.

முன்னால் நின்ற லாரியின் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டவர், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று எங்களோடு தானும் உட்கார்ந்தார்.