வடக்குத் தெருவின் சுதந்திரப் பிரகடனம்

பொன்னேரி கோர்ட்டில் இருபது வருஷம் கறுப்புக் கோட்டைத் தேய்த்த வக்கீல் கேசவனுக்கு ஒரே ஆசைதான்: ஒரு நாளாவது யாராவது 'தலைவரே' என்று கூப்பிட வேண்டும். தன் மீனவக் குப்பத்துத் தேர்தலில் மூன்று முறை நின்று மூன்று முறையும் மண்ணைக் கவ்வியவன். இந்த வருஷம் அமெரிக்காவின் இருநூற்றைம்பதாவது சுதந்திர விழாவை டிவியில் பார்த்தான். அந்தக் காலத்தில் அங்கே ஆண்ட ராஜாவின் கோர்ட்டில் வாதாடிய வக்கீல்களே ராஜாவை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டு அரசியல்வாதி ஆனார்களாம். அத்தோடு அவனுக்கு நிலைகொள்ளவில்லை.

அவன் குடியிருக்கும் வடக்குத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவதில்லை, குப்பத்துப் பஞ்சாயத்தில் அந்தத் தெரு ஆளும் இல்லை. போதாதா? ஸ்டாம்பு பேப்பரில் நாலு பக்கம் எழுதி, 'இன்று முதல் நாங்கள் தனி ஊர்' என்று பதினெட்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கிவிட்டான். கீழே தன் பெயரைப் போட்டு, 'தலைவர்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டான். பாவம், அதை எத்தனை தரம் தடவிப் பார்த்தானோ!

குப்பத்துத் தலைவர் நீலமேகம் நாலு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். சண்டைக்குத் தயாராகக் கேசவன் தொண்டையைச் செருமினான். அவரோ சிரித்தார்.

"ரொம்ப சந்தோசம் வக்கீலே. நாளைக்குப் பாடு உங்க தெருவுக்குத்தான் இருந்துச்சி. இப்போ நீங்க வேத்தூரு. வேத்தூருக்கு ஏது பாடு?"

ஏரியில் இறால் விழும் இடத்தில் முறை வைத்துத்தான் வலை கட்டுவார்கள். அந்த முறைதான் பாடு. குப்பத்துப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் அது கிடைக்கும். நாலு பக்கம் எழுதியவன் இதை ஒரு வரிகூட யோசிக்கவில்லை.

தெருவே திரண்டு வந்துவிட்டது. முன்னால் நின்றவள் அவன் மனைவி தேவகி.

"யோவ், இன்னா பண்ணி வெச்சிருக்க நீ? எங்க நைனா காலைலேர்ந்து வலைய சரிபண்ணிக்கினு கீறாரு. பாடு திரும்பி வரலன்னா ஊட்டுப் பக்கம் வராத!"

சாயங்காலம் பஞ்சாயத்து கூடியது. கேசவன் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தான். தான் எழுதியதைத் தானே எதிர்த்து வாதாடும் வக்கீலைக் குப்பம் அன்றுதான் பார்த்தது.

"ஐயா, இந்தப் பத்திரம் செல்லாது. இத எழுதுன ஆளுக்கு அப்போ புத்தி சுவாதீனம் இல்ல."

"இதுக்கு யாரு சாட்சி?" என்றார் நீலமேகம்.

பதினெட்டு வீட்டுக் கைகளும் ஒன்றாக மேலே போயின. தேவகி இரண்டு கையையும் தூக்கினாள். கேட்காமலே தெற்குத் தெருவும் தூக்கியது.

பாடு திரும்பக் கிடைத்துவிட்டது. கேசவன் சொன்னதற்குக் குப்பம் முழுக்க ஒருமனதாகக் கை தூக்கியது அன்று ஒரு நாள்தான்.