கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம்

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இருபத்திரண்டு ஆண்டுகாலப் பழுத்த அனுபவமும், மூன்று சுவர் நிறையச் சட்டப் புத்தகங்களும், அவற்றில் ஒன்றரைச் சுவரைப் படித்த பெருமையும் உடைய வக்கீல் ஒருவர், செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு மனுவின் நான்காம் பத்தியில் மாட்டிக்கொண்டார்.

கோர்ட்டு வட்டாரத்தில் அவருக்கு முன்னுரை என்று பெயர். மணி என்ன என்று கேட்டால் கடிகாரம் தோன்றிய வரலாற்றிலிருந்து ஆரம்பிப்பார். அன்று எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு பஸ் டிரைவரும் அவன் மனைவியான நர்ஸும். மனமொத்துப் பிரிவதென்று முடிவெடுத்தவர்கள். குடித்தனத்தில் ஒத்துப்போகாத மனம் இதிலாவது ஒத்துப்போயிற்றே என்று முன்னுரை மகிழ்ந்திருந்தார்.

நான்காம் பத்தியில் தம்பதி கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடத்தைச் சொல்ல வேண்டும். அது எந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் வருகிறதோ, அங்கேதான் மனுப் போட முடியும்.

"மூணாவது தெரு, மாடி வீடு. போட்டுக்கோங்க சார்," என்றான் டிரைவர்.

டைப்பிஸ்ட் அம்மா தட்டத் தொடங்கினார்.

"அது கடைசி இல்ல," என்றாள் நர்ஸ். "ஆத்துக்கு அந்தப் பக்கம் நான் தனியா எடுத்த ரூம். எனக்குக் கால் ஒடிஞ்சப்ப இவர் வந்து பதினோரு நாள் இருந்தார்."

தட்டல் நின்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு கோர்ட்டு. அந்தத் திசையில் முன்னுரை தலைவைத்தும் படுப்பதில்லை. அங்கே கொடிகட்டிப் பறப்பவர் வெண்கலத் தொண்டை என்ற வக்கீல். இருவருக்கும் ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"அது மாவுக்கட்டுக்காகப் போனது சார். குடும்பம் நடத்தவா போனேன்?"

"பக்கத்து வீட்டம்மா கேட்டப்ப, நான் இவ வீட்டுக்காரன்னு சொன்னீங்களே?"

"பின்ன என்ன, பிளம்பர்னா சொல்ல முடியும்?"

டைப்பிஸ்ட் அம்மா சிரிப்பை இருமலாக்கினார். முன்னுரை தொண்டையைச் செருமினார். "இதுல சட்டம் என்ன சொல்லுதுன்னா... அதாவது ஆதிகாலத்துல..." யாரும் கேட்கவில்லை. சுருக்கிக்கொண்டார். "ஒரே சமையலா?"

"ஒரே தட்டு சார். அங்க இருந்ததே ஒண்ணுதான். கட்டுல தண்ணி படாம பாலிதீன் பையைச் சுத்தி, எனக்குத் தலைக்கு ஊத்திவிட்டதும் இவர்தான்."

டிரைவர் ஜன்னலைப் பார்த்தான்.

மாடி வீட்டையே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. கேஸும் கையைவிட்டுப் போகாது. "பதினோரு நாள்தானேம்மா, விட்டுடலாமே," என்றார் முன்னுரை, குரலில் தேன் தடவி.

"சேந்து வாழ முடியல சார், ஒத்துக்கறேன். அதுக்காக வாழ்ந்ததை வாழலைன்னு கையெழுத்துப் போட மாட்டேன். அதை அழிச்சாதான் விவாகரத்துன்னா, எனக்கு விவாகரத்தே வேண்டாம்." பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். குரல் உயரவே இல்லை.

முன்னுரை அந்தப் பேனாவைப் பார்த்தார். எத்தனையோ பத்திகளைத் தேன் தடவி ஒட்டியிருக்கிறார். இது ஒட்டவில்லை.

"நானும் எழுத மாட்டேம்மா," என்றார். பீடிகையும் தேனும் இல்லாமல் அவர் பேசிய முதல் வாக்கியம் அது. டைப்பிஸ்ட் அம்மாவே நிமிர்ந்து பார்த்தார்.

"பதினோரு நாள்னு எழுதாதீங்க சார்," என்றான் டிரைவர் திடீரென்று. "பன்னெண்டு. கிளம்பின அன்னிக்கு பஸ்ஸ விட்டுட்டேன். திரும்பிப் போயிட்டேன்."

"பஸ் ஓட்டுறவர் பஸ்ஸ விட்டீங்களாக்கும்," என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"வேணும்னேதான் விட்டேன்."

"தெரியும்," என்றாள் நர்ஸ். "அதுக்கப்புறம் நாலு பஸ் இருந்துச்சு."

பன்னிரண்டு நாளும் பத்தியில் ஏறின. முன்னுரை ஏழு வருஷ வைராக்கியத்தை விழுங்கி, வெண்கலத் தொண்டைக்குத் தம் கைப்பட நாலு வரி எழுதி, கேஸ் கட்டோடு அவர்களிடம் கொடுத்தார். படியிறங்கும்போது டிரைவர் அவள் பையை வாங்கக் கை நீட்டினான், அவளும் கொடுத்தாள்.

ஜன்னலில் நின்ற டைப்பிஸ்ட் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதுங்களாவது பிரியறதாவது," என்றார். முன்னுரையும் தலையாட்டினார்.

மனுப் போட்ட ஏழாம் மாதம் விவாகரத்து கிடைத்தது.