முடியாது என்பதற்கு ஒரு விலை

எங்கள் புகைப்படத் தொழிலில் யாரும் வாய்விட்டு 'முடியாது' என்று சொல்வதில்லை. ஆளைப் பிடிக்கவில்லையா, தலை சுற்றுகிற மாதிரி ஒரு தொகையைச் சொல்லிவிடுவோம். அவராகவே ஓடிவிடுவார். மற்றபடி படத்தின் விலை மூன்று கேள்விகளில் அடக்கம்: எங்கே போடுவீர்கள், எவ்வளவு பெரிதாக, எத்தனை மாதம்? துண்டுப்பிரசுரத்துக்கு ஒரு விலை என்றால் தெருமுனை விளம்பரப் பலகைக்குப் பத்து மடங்கு.

நான் எடுத்ததில் ஒன்று, என் அக்கா ஜன்னலோரம் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். இடது கன்னத்தில் தீக்காயத் தழும்பு. ஒரு தோல் மருத்துவரின் கையேட்டுக்கு, ஒரே ஒரு வருடத்துக்கு, அவளைக் கேட்டுத்தான் கொடுத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு முகக்கிரீம் கம்பெனியின் விளம்பரக்காரர் போன் செய்தார்.

"மேடம், கிரீம் போடறதுக்கு முன்னாடி ஒரு மூஞ்சி, போட்டப்புறம் ஒரு மூஞ்சி. முன்னாடிக்கு உங்க படம் அப்படியே பொருந்துது! பஸ், போர்டு, டிவி, எல்லாத்துக்கும் வேணும். காலத்துக்கும் வேணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன திமிர்! சிரிக்கிற பெண்ணைப் பார்த்தால் பூச்சு உதிர்ந்த சுவர்தான் தெரியுமா இவர்களுக்கு? போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பழக்கதோஷம், ஒரு வீடே வாங்கலாம் என்கிற அளவுக்கு ஒரு தொகையைச் சொன்னேன்.

"சரி மேடம். ஒப்பந்தம் அனுப்பறேன்."

நேராக அக்காவின் தையல் கடைக்குப் போய்க் கொட்டித் தீர்த்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு அந்தக் கம்பெனிக்கு எழுதப்போகிறேன் என்று குதித்தேன். பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நீ எவ்வளவு சொன்ன?"

சொன்னேன்.

"கோவம் வந்தா முடியாதுன்னு சொல்லியிருக்கணும்டி. என் மூஞ்சிக்கு எதுக்கு வெல சொன்ன?"

"ஓடிடுவான்னு நெனச்சேன்க்கா. எங்க தொழில்ல அப்படித்தான்..."

"ஓடியிருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பியா?"

சொல்லியிருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரிந்தது. அவமானத்தில் காது சுட்டது. அங்கேயே நின்று விளம்பரக்காரருக்கு போன் போட்டு, படம் தர முடியாது என்றேன்.

"புரியுது மேடம்," என்றார் சிரித்துக்கொண்டே. "இன்னும் எவ்வளவு சேர்த்துத் தரட்டும்?"

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அந்த மூஞ்சிக்காரிதான் பேசறேன். முடியாதுன்னா முடியாது."

வைத்தாள். போனை என்னிடம் நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.