மூன்றாவது ஆமென்

1

இதை எனக்கு முதலில் சொன்னது யார் என்பதிலேயே எனக்குச் சந்தேகம். சந்தனச்செல்வி என்றுதான் நினைவு. மில்லர்புரத்தில் எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரரின் மகள். கல்லாவில் உட்கார்ந்து அப்பளக் கட்டை எடுத்து நீட்டியபடி சொன்னாள். ஆனால் கதை நடந்த அறைக்குள் அவள் இல்லவே இல்லை. வெளியே வராந்தாவில் மக்ரூன் தின்றுகொண்டிருந்தாள். உள்ளே இருந்தது அவளுடைய கல்லூரித் தோழி. பிறகு அந்தத் தோழியும் வந்து பேசினாள். இப்போது எந்த வரி யாருடையது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. நான் அதிகம் பேசாதவன். நான் சும்மா இருந்தால் எதிரில் இருப்பவர்கள் அந்த அமைதி தாங்காமல் கூடுதலாகச் சொல்லிவிடுவார்கள். இந்தக் கதையில் பாதி அப்படி வந்ததுதான்.

(பாலியல் புகார் விசாரணையில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்று விதி இருக்கிறது. அதனால் கல்லூரிக்குப் பெயர் வைக்கவில்லை. ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். தோழி சம்மதம் தந்து, தன் பெயரைத் தானே தேர்ந்தெடுத்தாள்: ஈவாஞ்சலின். "நல்லா நீளமா இருக்கட்டும் அங்கிள். கூப்பிடுறவங்களுக்கு மூச்சு வாங்கணும்.")

2

நான் எழுதிய முதல் தொடக்கம்: "கடற்கரையில் சூரியன் சரிந்துகொண்டிருந்தபோது, ஈவாஞ்சலின் கண்ணீரோடு அலைகளை"

அவள் இதைப் படித்துவிட்டுப் பென்சிலால் அடித்தாள். "நான் அழல. கடற்கரைக்கும் போகல. லேப்ல உக்காந்து சிப்பி சுரண்டிட்டு இருந்தேன்."

சரி. சிப்பியிலிருந்தே தொடங்குகிறேன்.

3

ஈவாஞ்சலின் எங்கள் மாவட்டத்து நாசரேத்துக்காரி. கடல் உயிரியலில் முதுகலை படித்துக்கொண்டு விடுதியில் இருந்தாள். முத்துச்சிப்பிப் படுகைகளைப் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். அதற்குப் படகில் போய் மாதிரி எடுக்க வேண்டும். வழிகாட்டி கிருபாகரன் சார் பையன்களை மட்டுமே படகில் ஏற்றுவார். பெண்களுக்கு, பையன்கள் கொண்டுவரும் சிப்பியைச் சுரண்டும் வேலை.

"சார், நானும் வாரேன்" என்று அவள் கேட்டாள்.

"படகு வேணும்னா ஞாயித்துக்கிழமை தனியா வா. பயலுவ யாரும் வேண்டாம்" என்றார். சொல்லும்போது கை அவள் பிடரியில் இருந்தது. அவள் விலகினாள். கை கூடவே வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். ஆனால் சந்தனச்செல்வியையும் கூட்டிக்கொண்டு. இரண்டு பேரைப் பார்த்ததும் படகின் இஞ்சின் பழுதாகிவிட்டது. அதற்கப்புறம் அவர் அவளுக்குப் போடும் உள்மதிப்பெண்ணும் பழுதாகத் தொடங்கியது.

(இங்கே ஒரு சந்தேகம். கிருபாகரனை இன்னும் கெட்டவராகக் காட்ட வேண்டுமா? மீசை? சிவந்த கண்? ஈவாஞ்சலின் சொன்னாள்: "வேண்டாம். அவுக பாக்க நல்லாத்தான் இருப்பாவ. கோயில் கொயர்ல, பாட்டுக் குழுவுல, கட்டக் குரல்ல பாஸ் பாடுவாவ. அதான் யாரும் நம்பல.")

4

கல்லூரியின் பாலியல் புகார்க் குழுவின் தலைவர் பெர்சி மேடம். அதே கோயில், அதே கொயர். ஈவாஞ்சலின் அவர் அறைக்குப் போய் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் மேடம் ஆறு வாக்கியம் சொல்லிவிட்டார்.

"ஏளா, அவர் அப்படிப்பட்டவர் இல்லையே. நீ தப்பா எடுத்திருப்ப. எழுதிக் குடுத்தா ஒம் பேருதான் கெடும். ஊருல அப்பாவுக்குத் தெரிஞ்சா? போ, நல்லா ஜெபம் பண்ணு."

விடுதிக்கு வந்தவளைப் பார்த்து, அங்கே காத்திருந்த சந்தனச்செல்வி கேட்டாள், "என்ன சொன்னாவ?"

"ஜெபம் பண்ணச் சொன்னாவ."

"அது சரி. நான் போஸ்டரக் கிழிக்கப் போறேன்."

உணவகத்தில் கை கழுவும் இடத்துக்கு மேலே புகார்க் குழுவின் விதிகள் எழுதிய ஒரு பலகை. அதன் மேல் கலைவிழா போஸ்டர். ஓரத்தில் நகம் கொடுத்து இழுத்ததும் அடியில் எழுத்து தெரிந்தது. சந்தனச்செல்வி உரக்க வாசித்தாள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். எழுத முடியாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும். புகார் தந்ததற்காக யாரும் பழிவாங்கக் கூடாது. கீழே உறுப்பினர் பெயர்கள். கல்லூரிக்கு வெளியே இருந்து ஒருவர்: வழக்கறிஞர் சண்முகசுந்தரி. கைபேசி எண்ணும் இருந்தது.

"ஏளா, இந்த அம்மா கொயர்ல இல்ல பாரு" என்றாள் சந்தனச்செல்வி.

சண்முகசுந்தரி போனில் சொன்னார்: "யார், என்ன, எப்பன்னு சுருக்கமா எழுதிக் குழுவுக்கு மெயில் போடும்மா. எனக்கும் ஒரு நகல் வரட்டும். அவங்க கூப்பிட்டே ஆகணும். பாக்கிய நேர்ல சொல்லு."

பாக்கியை நேரில் சொல்வதுதான் பாக்கி. மெயில் போய்விட்டது. ஆனால் பெர்சி மேடத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் குறுக்கே பேசாமல், முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டும். இல்லையென்றால் படகும் போச்சு, ஆய்வேடும் போச்சு.

5

(இந்த இடத்தில் ஒரு வீர உரை எழுதி வைத்திருந்தேன். "பெண்ணினத்தின் பெயரால் கேட்கிறேன்" என்று ஆரம்பிக்கும். ஈவாஞ்சலின் பென்சிலை எடுப்பதற்கு முன்பே நானே அடித்துவிட்டேன்.)

நடந்தது இது. குழு கூடியது. மேசைக்கு அந்தப் பக்கம் பெர்சி மேடமும் மற்றவர்களும். கடைசி நாற்காலியில் சண்முகசுந்தரி. மேடத்துக்கு எந்தக் கூட்டத்தையும் ஜெபம் இல்லாமல் தொடங்கி வழக்கமில்லை. ஆண்டு விழாவானாலும் பினாயில் வாங்கும் கமிட்டியானாலும் அப்படித்தான். பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார்:

"ஈவா, நீயே ஒரு சின்ன ஜெபம் பண்ணு."

சண்முகசுந்தரி தவிர எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடினார்கள். ஈவாஞ்சலினும் மூடினாள். மூடியதும் மேடம் மறைந்துபோனார். அவள் வீட்டில் அப்பா யாருடைய பேச்சையும் முழுதாகக் கேட்கமாட்டார். ஆனால் யாராவது ஜெபம் பண்ணினால் அடுப்பில் பால் பொங்கினாலும் அசையமாட்டார். ஜெபத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அன்பின் பரலோக பிதாவே, இந்த நல்ல நேரத்துக்காக ஸ்தோத்திரம். கூடி வந்திருக்கிற ஒவ்வொருத்தரையும் ஆசீர்வதியும். ஆண்டவரே, போன மாசம் லேப்ல கிருபாகரன் சார் என் பிடரியில கை வச்சத நீர் பாத்தீர்."

"ஆமென்" என்றார் பெர்சி மேடம், முடிக்கிற குரலில்.

அந்தப் பக்கத்து ஜெபக் கூட்டங்களில் நடுவில் ஆமென் சொன்னால் உற்சாகப்படுத்துகிறார்கள் என்று அர்த்தம். ஈவாஞ்சலினுக்கு உற்சாகம் வந்தது.

"ஆமா ஆண்டவரே. நான் விலகுனேன். அவுக விடல. பொம்பளப் பிள்ளையளப் படகுல ஏத்த மாட்டேங்கிறதயும் நீர் அறிவீர். ஆத்திரத்துல அவுகளக் கிறுக்கப்பயன்னு மனசுல ஏசிட்டேன், மன்னியும்."

"ஆமென், ஆமென்" என்றார் மேடம், இன்னும் சத்தமாக. இதை நான் ஒன்றாகத்தான் கணக்கு வைக்கிறேன்.

சண்முகசுந்தரிக்கு இந்தப் பழக்கமெல்லாம் இல்லாததால் கண்ணை மூடவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார்.

"ஆண்டவரே, ஞாயித்துக்கிழமை தனியா வரச் சொன்னாவ. நான் செல்வியக் கூட்டிட்டுப் போனேன். இஞ்சின் ரிப்பேருன்னு திருப்பி அனுப்பிட்டாவ. அது குருத்தோலை ஞாயிறு. கோயில்ல பாட வேண்டிய மனுஷர் படகுத்துறையில நின்னதையும் நீர் பாத்தீர்."

சண்முகசுந்தரி தாளைப் புரட்டினார். பிறகு பெர்சி மேடத்தின் குரல், மிக மெல்ல:

"ஆமென்."

ஈவாஞ்சலின் முடித்துக் கண்ணைத் திறந்தாள். மேடம் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினார்.

"குடிளா." பிறகு சண்முகசுந்தரியைப் பார்த்து, "அன்னைக்குக் காய்ச்சல்னு சொல்லித்தான் அவர் கொயருக்கு வரல. பாஸ் பாட ஆளில்லாம நாங்க திண்டாடுனோம். இதையும் எழுதிக்கோங்க."

"எழுதலாம். ஆனா சாட்சி சொல்றவங்க தலைவர் நாற்காலியில இருக்கக் கூடாது மேடம்."

பெர்சி மேடம் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, ஈவாஞ்சலினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சண்முகசுந்தரி தான் எழுதியதை வாசித்துக் காட்டினார். ஈவாஞ்சலின் ஒரு திருத்தம் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

"ஸ்தோத்திரத்த மட்டும் விட்டுட்டேம்மா" என்றார் சண்முகசுந்தரி.

6

மூன்றாவது ஆமென் எதற்காக? ஜெபத்தை நிறுத்தக் கடைசியாக ஒரு முறை முயன்றாரா, அல்லது கேட்டதை ஒப்புக்கொண்டாரா? இரண்டுக்கும் தனித்தனியாக முடிவு எழுதிப் பார்த்தேன். முதலாவதில் மேடம் பயந்தவர், சாட்சியம் பிறகு வந்த யோசனை. இரண்டாவதில் அவர் மனம் மாறியவர், சாட்சியம் அந்த ஆமெனிலேயே தொடங்கிவிட்டது.

ஈவாஞ்சலினிடம் கேட்டேன். "நான்தான் கண்ண மூடியிருந்தேனே" என்றாள். மேடத்திடம் கேட்க எனக்கு உரிமையில்லை. எந்த முடிவு வேண்டுமோ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

7

விசாரணை தொடங்கியதும் ஈவாஞ்சலினுக்கு வேறு வழிகாட்டி கிடைத்தார். புகார் உண்மை என்று குழு முடிவு சொன்னது. கிருபாகரனுக்கு ஊதிய உயர்வு நின்றது; இனி எந்த மாணவருக்கும் வழிகாட்டியாக இருக்கக் கூடாது என்று உத்தரவு. இன்னும் கொயரில் பாடுகிறார். பெர்சி மேடம் குழுவை விட்டு விலகிவிட்டார். பலகையின் மேல் யாராவது போஸ்டர் ஒட்டினால் கிழிப்பவர் இப்போது அவர்தான். சண்முகசுந்தரி அதே குழுவில் இருக்கிறார். சந்தனச்செல்வி கடையைப் பார்த்துக்கொண்டு, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள்.

ஈவாஞ்சலின் படகில் போனாள். முதல் நாளே, முயல் தீவைத் தாண்டுவதற்குள், இரண்டு முறை வாந்தி எடுத்தாள். இதை வெட்டிவிடவா என்று கேட்டேன்.

"அழுததத்தான் வெட்டச் சொன்னேன் அங்கிள். வாந்திய வைங்க. அது நடந்துச்சு."