பாதி வழியில் அணைந்த ஓலை

ஏரிக்கரையில் இருந்த உறைக்கிணற்றின் மூடுகல்லை நகர்த்தியதும் பாவாடை பின்வாங்கி நின்றான். போன கோடையில் இதே ஏரியின் அக்கரையில் ஒரு கிணற்றுக்குள் கொளுத்திய ஓலையைப் போட்டபோது, குப்பென்று தீ மேலே வந்து அவன் புருவத்தையும் இடது காதையும் தீய்த்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து கிணற்று வேலை என்றால் முந்தின இரவே அவனுக்குக் கஞ்சி இறங்காது.

ஆனாலும் வந்திருந்தான். மழை பொய்த்து, ரேஷனில் அரிசிக்குப் பதில் மைலோச் சோளம் போடுகிற வருஷம். கூலி கிடைப்பதே பெரிது. செஞ்சி கடைவீதியில் மளிகை வைத்திருந்த பூவராகவனுக்கு ஏரிக்கரை ஓரம் ஒரு கொல்லை. அதில் நெடுங்காலம் மூடிக் கிடந்த இந்தக் கிணற்றைத் தூர் எடுக்க வேண்டும். ஏரிச் சேறு கசிந்து உள்ளே அழுகிக் கிடந்தது. உறை வளையங்களை அடுக்கிய குறுகல் கிணறு, ஒருத்தன்தான் இறங்கலாம். இறங்கப் போகிறவன் தனகோட்டி, பாவாடையின் பெண்சாதி ராஜம்மாளின் தம்பி. தை மாதம்தான் கல்யாணம் ஆனவன்.

"ஓலையப் போடு மாமா. நீ நிக்கிறதப் பாத்தா பனமலையில இருந்து வீசுவ போல இருக்குது," என்றான் தனகோட்டி.

பாவாடை ஓலைக்கட்டைக் கொளுத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போட்டான். காத்திருந்தான். தீ எழவில்லை. எட்டிப் பார்த்தால் வெறும் இருட்டு.

"கேஸ் இல்ல," என்றான். அப்போதுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

"அதான் பாட்டில்காரரு சொன்னாரே. கிருமிங்க தின்னு தீத்திருக்கும்."

பாட்டில்காரர் என்றது போன வாரம் ஏரிச் சேற்றைப் பாட்டிலில் அள்ளிக்கொண்டு போன மண் பரிசோதனைக்காரரை. சேற்றில் கோலை விட்டுக் கிளறி, மேலே வந்த குமிழில் தீக்குச்சியைக் காட்டினார். நீலமாக எரிந்தது. எல்லாரும் பதறி எழுந்துவிட்டார்கள். அவர் சிரித்தார். "சேத்துக்குள்ள கேஸ் உண்டாயிட்டே இருக்கும். மேல வர்ற வழியில கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க குடியிருக்கு. அதுங்க முக்காவாசியத் தின்னுடும். ஈர மண்ணு, ஏரி, கெணத்துச் சுவரு, எங்கயும் இருக்கும்."

"சோறு வேணாவா அதுங்களுக்கு?" என்று ராஜம்மாள் கேட்டாள். "எங்க வூட்டுக்காரருக்கும் அந்த வித்தையக் கத்துக் குடுங்க சார்."

"கேஸ் மட்டும் போதாதும்மா. அதுங்களுக்கும் மூச்சு விடக் காத்து வேணும், நம்மள மாதிரியே."

சிரிப்பில் அந்தப் பேச்சு அடிபட்டுப் போனது.

தனகோட்டி ராட்டினத்தில் ஓடிய வடத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். சேறு சுமக்க வந்திருந்த ராஜம்மாள் கூடையோடு தள்ளி நின்றாள். கிணற்றுக்குள் போகிறவன் வாயை மூடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். பேச்சு நின்றால் மேலே இருப்பவர்கள் இழுத்துவிட வேண்டும். தனகோட்டிக்கு அது கஷ்டமே இல்லை. மாமியார் வீட்டுக் குழம்பைப் பழித்துக்கொண்டே போனான். சுவரெல்லாம் வழவழவென்று வெளுப்பாகப் பூத்திருக்கிறது என்றான்.

"மாமா, உன் ஓலை இங்கயே மாட்டிக்கினு இருக்குது. உறை மேல. பாதிகூட எரியல," என்று சிரித்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

பாவாடையும் சிரிக்கப் போனான். சட்டென்று நிறுத்தினான். காய்ந்த பனை ஓலை அது. வெயிலில் கிடந்தது. பாதி வழியில் அது ஏன் அணைய வேண்டும்?

தீ வருமா வருமா என்றே பயந்தவன், தீ செத்துப்போனதைப் பார்க்கவில்லை. கிருமிகள் கேஸைத் தின்றன. தின்ன உட்கார்ந்தவை, மூடிய கிணற்றுக்குள் இருந்த காற்றையும் சேர்த்துத்தான் தீர்த்திருக்கின்றன.

"ஏறுடா. தனகோட்டி, மேல ஏறு."

"இன்னா மாமா சொன்ன..." என்று கீழிருந்து குரல் குழறி வந்தது. பிறகு வரவில்லை.

பாவாடை வடத்தைப் பிடித்தான். ராஜம்மாள் ஓடிவந்து பிடித்தாள். நிழலில் நின்றிருந்த பூவராகவன் செருப்பை உதறிவிட்டு வந்து அவளுக்குப் பின்னால் பிடித்தார். ராட்டினம் கிறீச்சிட்டது. கீழே இருப்பது ஆளா, சேற்று மூட்டையா என்று தெரியாத கனம். இழுக்க இழுக்க வடம் முடியாமல் வந்துகொண்டே இருந்தது போலிருந்தது பாவாடைக்கு. அவன் தங்கள் வீட்டு வாசலை நினைத்துக்கொண்டான். அங்கே தனகோட்டி கட்டிக்கொண்டு வந்த அந்தப் புதுப்பெண் நிற்பாள். அவளிடம் என்ன சொல்வது?

தலை தொங்கி வந்தது. உதடு நாவற்பழம் தின்றது போலிருந்தது. கரையில் காற்றடிக்கிற பக்கம் கிடத்தினார்கள். ராஜம்மாள் தம்பியின் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, "பேசுடா, பேசுடா," என்றாள்.

வெகுநேரம் கழித்து அவன் இருமினான். கண் திறந்தான்.

"ஏன் இழுத்தீங்க?" என்றான். "நான் பேசிக்கினுதான இருந்தேன்."

ராஜம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பாவாடை வேப்பங்கிளைகளை ஒடித்து வடத்தில் கட்டி, கிணற்றுக்குள் இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, காற்றைக் கலக்கினான். தோள் கழன்றுவிடும் போலிருந்தபோது நிறுத்தினான். இன்னொரு ஓலையைக் கொளுத்தி, வீசாமல், கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினான். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. தீய்ந்த காதுப் பக்கம் அனல் அடிக்க, குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். எரி, எரி என்று உள்ளுக்குள் கெஞ்சினான்.

சுடர் உறைகளைத் தாண்டிப் போனது. குறுகியது. ஒரு சிவப்புக் கண்ணாக நின்று, அணைந்துவிட்டது.

"இன்னிக்கி யாரும் எறங்க வேணாம் மொதலாளி," என்றான் பாவாடை.

பூவராகவன் தலையாட்டினார். மூடுகல்லை மறுபடி நகர்த்த வந்தபோது பாவாடை அவர் கையைப் பிடித்துத் தடுத்தான். "மூட வேணாம். முள்ள வெட்டி வேலி போட்டுட்டுப் போலாம். தொறந்தே கெடக்கட்டும், காத்து உள்ள எறங்கட்டும்."